சாயங்காலம் மட்டும் எரிந்த மூக்கு

“மூக்குதானே” என்றார்கள் வீட்டில். நெற்றிக்குள் கருங்கல்லை வைத்துத் தைத்ததுபோல ஐந்து மாதம் அலைந்தவன் நான். செருப்பு மாட்டக் குனிந்தால் கன்னத்து எலும்பு தெறிக்கும். மீன் குழம்புக்கும் வெந்நீருக்கும் வாசனையில் வித்தியாசம் தெரியாது. அப்படிப்பட்டவனிடம் போய் மூக்குதானே என்பவர்களை என்ன செய்வது?

காரைக்கால் டவுனில் நான் பார்க்கிற காது மூக்கு தொண்டை டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு மூன்று வாரம் கெடு கொடுத்தார். தினமும் காலை மாலை உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவ வேண்டும். வீக்கம் வடிந்தால் சரி. வடியாவிட்டால் ஆபரேஷன். கத்தி என்றாலே எனக்குப் பயம். அதனால் ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, நேரம், எந்த நாசி அடைத்திருந்தது, எத்தனை நிமிடத்தில் திறந்தது, ஒன்றையும் விடவில்லை.

ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு திங்கட்கிழமை தொடங்கினேன். காலையில் ஒரு லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்து, அயோடின் சேர்க்காத உப்பு இரண்டு டீஸ்பூனும் சமையல் சோடா ஒரு டீஸ்பூனும் கலந்து, சுத்தமான எவர்சில்வர் தூக்கில் ஊற்றி வைப்பேன். பாதி காலைக்கு, பாதி மாலைக்கு. தொட்டிமேல் குனிந்து, வாயால் மூச்சுவிட்டபடி பிளாஸ்டிக் புட்டியை அழுத்தினால், ஒரு நாசியில் ஏறி மறு நாசியில் இறங்கும். காலையில் சுகமாக இருந்தது. மாலையில், குளத்தில் மூழ்கும்போது மூக்கில் தண்ணீர் ஏறினால் எரியுமே, அப்படி எரிந்தது.

மறுநாளும் அப்படியே. ஒன்பது நாள் நோட்டில் காலை ‘சுகம்’, மாலை ‘எரிச்சல்’. உப்பை மாற்றினேன். சோடாவைக் குறைத்தேன். புதுப் புட்டி வாங்கினேன். என் கை சுத்தத்தையே சந்தேகப்பட்டேன். பத்தாம் நாள் பச்சையாகச் சளி வந்தது, காய்ச்சலும் வந்தது.

அன்று புதன்கிழமை. சாயங்காலம் மாதா கோயில் மணி அடிக்கக் கொஞ்சம் முன்னால் அடுப்படிக்குப் போனேன். அத்தான் இறந்தபின் எங்களோடு இருக்கிற என் அக்கா, தூக்கின் மூடியைத் திறந்து, கேன் தண்ணீரைச் செம்பில் பிடித்து அதில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“என்னக்கா பண்றே?”

“பாத்தா தெரியலையா? பாதியா கெடக்கு, நெரப்புறேன்.”

மணி அடிக்கும் வேளையில் வீட்டில் எந்தத் தண்ணீர்ப் பாத்திரமும் குறைவாக இருக்கக் கூடாது, இருந்தால் வீட்டுக்கு ஆகாது. எங்கள் குடும்பத்தில் அது சட்டம். உப்புக் குறைந்த தண்ணீர் மூக்கை எரிக்கும் என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. நிமிடக் கணக்கெல்லாம் எழுதிய நானும், பாதியாக வைத்த தூக்கு மாலையில் நிறைந்திருப்பதை ஒருநாளும் கவனிக்கவில்லை.

“அது மூக்குக்கு வச்ச தண்ணி! எத்தன நாளா ஊத்துறே?”

“தெனமுந்தான். கேன் தண்ணிதானேடா, நீ குடிக்கிறதுதானே?”

“தொடாதேன்னு சொன்னேனா இல்லியா?”

“குடிச்சிடாதேன்னு சொன்னே. நான் குடிச்சனா?”

என் மனைவி சிரித்துவிட்டாள். தூக்கை அப்படியே கொல்லையில் கவிழ்த்தேன். சரியாக மணி அடித்தது.

“மணி அடிக்கிற நேரத்துல கவுத்துறியே, நீ நல்லாருப்பியாடா?” என்று அக்கா அழ ஆரம்பித்தாள். ஒன்பது நாள் கொதிக்காத தண்ணீரை என் மூக்குக்குள் ஏற்றியவள் அழுகிறாள். குற்றவாளி நான்.

மறுநாள் டாக்டர் திட்டினார், அதுவும் என்னைத்தான். “குடிக்கிற தண்ணி வேற, இது வேற சார். வயித்துக்குள்ள போறத அமிலம் பாத்துக்கும். மூக்குக்குள்ள காவலுக்கு யாரு இருக்கா?” தொற்று என்றார். மாத்திரை முடிந்ததும் மூன்று வாரமும் முதலிலிருந்து. “இந்தத் தடவையும் வடியலேன்னா ஆபரேஷன் பண்ணிடலாம்” என்றார், முடி வெட்டிக்கொள்ளச் சொல்வதுபோல.

“பெரியவங்க, தெரியாம பண்ணிட்டாங்க. நீங்களே போயி ஒரு வார்த்த பேசிடுங்க” என்கிறாள் மனைவி.

தெரியாமல் செய்ததை விடுவேன். தெரிந்த பிறகும் அக்காவின் வருத்தமெல்லாம் கவிழ்ந்த பாத்திரத்துக்குத்தான். கத்திக்குப் பயந்து கிடக்கிற தம்பியிடம், வலிக்கிறதா என்று இன்றுவரை கேட்கவில்லை. தண்ணீரை இப்போது என் அறை பீரோவுக்குள் வைத்துப் பூட்டுகிறேன். அவளிடம் பேசுவதில்லை. மூக்கு திறக்கும்வரை பேசப்போவதும் இல்லை.