பின்வாசலுக்குப் போன கால்கள்

1976ஆம் ஆண்டு என்று நினைக்கிறேன். அக்டோபர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சிட்னியில் வசந்தம் தொடங்கி, ஜகரண்டா மரங்கள் தெருவெல்லாம் ஊதாப் பூவைக் கொட்டிக்கொண்டிருந்த நேரம். நான் பரமட்டா பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தேன். ஹரிஸ் பார்க்கில் ஒரு சின்ன ஃபிளாட்டில் தனிக்குடித்தனம். இன்று அங்கே போய் இறங்கினால் தோசை வாசம் மூக்கைத் துளைக்கிறது. அன்று ஒரு பொட்டலம் மிளகாய்த் தூளுக்கு நகரமெல்லாம் அலைய வேண்டும். தமிழர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனாலேயே இருந்த நாலைந்து குடும்பமும் மாதம் ஒரு ஞாயிறு எங்காவது சேர்ந்து கிளம்பிவிடுவோம்.

அந்த மாதம் தெற்கே கேம்டன் பக்கம் ஒரு பழைய பண்ணை வீட்டைப் பார்க்கப் போவதாக ஏற்பாடு. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார முதலாளி ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஆடும் திராட்சையும் வளர்த்த இடம். வேலைக்கு ஆள், இங்கிலாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் கப்பலில் நாடு கடத்தப்பட்ட கைதிகள். வீட்டையும் தோட்டத்தையும் அப்படியே பழுது பார்த்து, பொதுமக்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கத் திறந்திருந்தார்கள்.

என்னைத் தன் காரில் ஏற்றிக்கொண்டவர் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். உடன்பிறந்தவர் இல்லை, ஆனால் நான் சிட்னிக்கு வந்து காய்ச்சலில் படுத்த முதல் வாரமே ரசம் வைத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டியவர். அவர் கணவர் கணக்காளர். வாய் கொஞ்சம் நீளம், மனசு கெட்டதில்லை. அவர்தான் கார் ஓட்டினார்.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் எல்லோரிடமும் நான் பொய் சொல்லி வைத்திருந்தேன். "கண்டி டவுன், அப்பாவுக்கு ஒரு கடை இருந்தது" என்பது நான் கட்டிய கதை. அப்பாவுக்குக் கடையும் இல்லை, கண்ணுக்கெட்டிய தூரத்தில் சொந்தமாக ஒரு கல்லும் இல்லை. நான் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில், லயத்தில் பிறந்தவள். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு அறைகள்; ஓர் அறைக்கு ஒரு குடும்பம். எப்படியோ மிஷன் பள்ளி, நர்ஸ் படிப்பு, இங்கிலாந்து என்று ஏறி ஏறி சிட்னிக்கு வந்து சேர்ந்தேன். வந்த இடத்தில் இருந்தவர்கள் டாக்டர்கள், எஞ்சினியர்கள், அவர்களின் மனைவிமார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். "ஆமா" என்று வந்ததை யாழ்ப்பாணத்தார்போல "ஓம்" என்று மாற்றிக்கொண்டேன். நாக்கு பழகிவிட்டது. மனசுக்குத்தான் எப்போதும் திக்திக்.

பொய்யோடு போயிருந்தால் பரவாயில்லை. அப்பா போய்விட்டார். தம்பியை, இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தம் என்ற பெயரில் இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா மட்டும் நெஞ்சுச் சளியோடு அந்த லயத்து அறையில். தோட்டங்களில் ஒரு பிடி மாவுக்கே திண்டாட்டமான காலம் அது. அம்மாவை என்னிடம் அழைத்துக்கொள்ள வழி இருந்தது. அதற்கான விண்ணப்பத் தாளும் வாங்கியாயிற்று. அது என் மேசை இழுப்பறையில் ஒன்றரை வருஷமாகக் கிடந்தது. அம்மா வந்து இறங்கினால், கையில் குத்திய பச்சையும் அந்தப் பேச்சும் என் கதையை ஒரே நாளில் கிழித்துவிடுமே! அந்தப் பயத்தில், பெற்ற தாயை இருமவிட்டு வைத்திருந்தேன். எழுதும்போதே கை கூசுகிறது.

காரில் போகிறோம். சாலையோரம் மேடு பள்ளமாகக் காலி நிலம். அக்காவின் கணவர் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்தார். "இஞ்சை பாருங்கோ, எவ்வளவு காணி சும்மா கிடக்குது. எங்கடை தோட்டக்காட்டான்களைக் கொண்டந்து விட்டால், ஒரு பிடி மாவுக்கு உதெல்லாம் கொத்தித் தருவாங்கள்."

தோட்டக்காட்டான் என்பது தேயிலைத் தோட்டத்து ஆட்களை இளக்காரமாகச் சொல்லும் பெயர். கார் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். சந்தேகம் வரக்கூடாது என்று மற்றவர்களை விட ஒரு பிடி கூடுதலாகவே சிரித்தேன்.

பண்ணைக்குள் நுழைந்தோம். நீண்ட பாதை, இரண்டு பக்கமும் பெரிய மரங்கள், பாதை முடியும் மேட்டில் அகன்ற வராந்தாவோடு வெள்ளை வீடு. முன்னால் வெட்டிவிட்ட புல்வெளி. நாடுதான் வேறு, எங்கள் தோட்டத்துத் துரையின் பங்களா அப்படியே எதிரில் நின்றது. மற்றவர்கள் "எவ்வளவு வடிவு!" என்று படம் எடுத்தார்கள்.

முதலில் மரத்தடியில் கட்லட்டும் ரோல்சும் சாப்பிட்டோம். மற்றவர்கள் வீட்டுக்குள் போக, "பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வருகிறேன்" என்று நான் குழாயடியில் தங்கிவிட்டேன். கொஞ்ச நேரம் தனியாக இருந்தால் தேவலை என்றிருந்தது. கழுவி முடித்து, வீட்டை நோக்கி நடந்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. வாசலுக்கு நேராகப் போகும் பாதை இருந்தது. டிக்கெட் என் பையில் இருந்தது. ஆனால் புல்வெளியின் ஓரம் வந்ததும் என் கால்கள் என்னைக் கேட்காமலே இடதுபக்கம் திரும்பிவிட்டன. வீட்டைச் சுற்றிக்கொண்டு, விறகுக் கொட்டகையைத் தாண்டி, சமையலறை வாசலுக்குப் போய், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, படிக்குக் கீழே சுவரோரமாக நின்றேன். உள்ளேயிருந்து யாராவது எட்டிப் பார்த்து, "என்ன விஷயம்?" என்று கேட்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றேன்! மூன்று வார்டுகளுக்கு மேற்பார்வை பார்க்கிற நர்ஸ்!

எங்கள் தோட்டத்தில் லயத்து ஆட்கள் துரை பங்களாவின் முன்பக்கம் போகக்கூடாது. யாரும் சட்டம் எழுதி ஒட்டவில்லை. பால்குடியோடு சேர்ந்தே வரும் பழக்கம் அது. எனக்குப் பத்து வயதில், மிஷன் விடுதியில் சேர துரையின் கடிதம் தேவைப்பட்டது. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு பங்களாவின் பின்வாசலுக்குப் போனார். தலைத்துண்டு கக்கத்தில், செருப்பில்லாத கால் சேற்றில். மழையில் இரண்டு மணி நேரம் நின்றோம். கடைசியில் சமையல்காரர் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார். துரையின் முகத்தை நாங்கள் பார்க்கவே இல்லை. அந்தக் கடிதத்தால்தான் நான் படித்தேன் என்பதும் உண்மை.

இதெல்லாம் மறந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். கால் மறக்கவில்லை.

சமையலறைக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். வெள்ளைக்காரி, என் வயதுதான் இருக்கும். முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டு ஒரு செப்புப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டைப் பராமரிக்கும் வேலை அவளுக்கு. என் வாயில் முதலில் வந்தது தமிழ். "மன்னிச்சிருங்கம்மா!" அவளுக்கு என்ன புரியும்? வழி தவறிவிட்டேனா, உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்தாள். முன்வாசல் திறந்துதானே இருக்கிறது, ஏன் இந்தப் பக்கம் என்று சிரித்தபடி கேட்டாள்.

முன்பின் தெரியாதவளிடம் உண்மை சொல்வது எவ்வளவு சுலபம்! ரயிலில் பக்கத்தில் இருப்பவரிடம் கதை சொல்வதுபோல் அவ்வளவையும் ஆங்கிலத்தில் கொட்டிவிட்டேன். தேயிலைத் தோட்டத்தில் பிறந்ததை, எங்களைப் போன்றவர்கள் இந்த வழியாகத்தான் வருவோம் என்பதை, அப்பா மழையில் நின்றதை.

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். ஐயோ பாவம் என்று சொல்லப்போகிறாள் என்று எரிச்சலாகக்கூட இருந்தது. அவள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. தன் பாட்டனுக்குப் பாட்டியும் இந்த வழியாகத்தான் வந்தாள் என்றாள். ஏதோ துணி திருடியதற்காக அயர்லாந்திலிருந்து கப்பலேற்றப்பட்ட கைதியாம். ஏழு வருஷம் இந்தச் சமையலறையில் பாத்திரம் கழுவியிருக்கிறாள். அந்தக் காலத்தில் ஆஸ்திரேலியாவில் இப்படி ஒரு வம்சம் இருப்பதைப் பலர் மூடி மறைப்பார்கள். இவளுடைய தாயாரும், தாங்கள் ஒரு கப்பல் கேப்டனின் பரம்பரை என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். பிறகு பழைய பதிவேட்டில் பெயரைக் கண்டுபிடித்து, வேண்டுமென்றே இங்கே வந்து வேலை கேட்டு வாங்கியிருக்கிறாள் இந்தப் பெண்.

"முன்னால் வருகிறவர்கள் வராந்தாவைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இதை யாரும் பார்ப்பதில்லை" என்று காலடியைக் காட்டினாள். அந்தக் கல்படி நடுவில் குழிந்திருந்தது, அம்மியின் நடுப்பக்கம் தேய்வதுபோல. வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறியிறங்கிய கால்கள் தேய்த்த குழி. வேலைக்கு வந்ததும் தான் முதலில் கழுவுவது இந்தப் படியைத்தான் என்றாள். அந்த மண்ணில் வெள்ளைக்காரர்களுக்கும் முன்னால் காலங்காலமாக இருந்த ஆதிக்குடிகளைப் பற்றி அவளும் சொல்லவில்லை. எனக்கும் அன்று கேட்கத் தோன்றவில்லை. பிற்பாடு அதையும் நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

"எங்கை போனனீர்? எல்லாரும் தேடுகினம். உதென்ன, செருப்பைக் கையிலை வைச்சுக்கொண்டு நிக்கிறீர்?"

'பாத்ரூம் தேடினேன்' என்ற பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அந்தப் பெண் ஒன்றும் விளங்காமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கப்பல் கேப்டன் கதை ஞாபகம் வந்தது. நான் கட்டிய கண்டிக் கடையும் அதே சரக்குதானே! எத்தனை காலம் அதற்குக் காவல் இருப்பது?

"அக்கா, நான் கண்டி டவுன் இல்ல. தோட்டத்துல, லயத்துல பொறந்தவ. அப்பாவுக்குக் கடை கெடையாது. எங்கம்மா இன்னும் அங்கதான் தனியா இருக்காங்க." சிட்னிக்கு வந்த இரண்டு வருஷத்தில், இன்னொரு தமிழர் முன்னால் என் சொந்தப் பேச்சு என் காதில் விழுந்தது அன்றுதான்.

அக்கா அப்படியே அந்தப் படியில் உட்கார்ந்துவிட்டார். தலை நிமிராமலே கேட்டார்: "அப்ப, காரிலை அவர் சொல்லேக்கை… நீரும் சிரிச்சனீரே?"

"ஆமாக்கா. நானுந்தான் சிரிச்சேன்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. அழுதேன். அழுகைக்கு நடுவே, இழுப்பறையில் கிடக்கும் விண்ணப்பத் தாளைப் பற்றியும் சொன்னேன். அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, என் கையிலிருந்த செருப்பை வாங்கிக் கீழே போட்டு, "போடும்" என்றார். கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் குழிந்த படியில் ஏறி, சமையலறை வழியாகவே என்னை வீட்டுக்குள் கூட்டிப் போனார்.

அக்கா தன் கணவரிடம் இதை எப்போது சொன்னார் என்று தெரியாது. திரும்பி வந்து என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே பேசினார். "தங்கச்சி, அம்மாவைக் கூப்பிடுற பேப்பரைக் கொண்டு வாரும். நான் டைப் அடிச்சுத் தாறன்." மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. அடுத்த நாள் மாலை வேலையிலிருந்து வந்த கையோடு டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து, ஒரு எழுத்துப் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தார். எனக்கு அது போதுமானதாக இருந்தது. எல்லோரும் அப்படி இல்லை. கூட வந்த இன்னொரு குடும்பம் அதன்பின் என்னைப் பொங்கலுக்கு அழைக்கவில்லை. போகட்டும்.

ஒரு வருஷம் கழித்து அம்மா வந்து இறங்கினார். சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை, கையில் பச்சை. விமானநிலையத்தில் அக்காவைக் கண்டதும் "நல்லாருக்கியா தாயி?" என்று ஏதோ நாள்பட்ட பழக்கம்போல் கன்னத்தைத் தடவினார். நான் பயந்த பயமெல்லாம் அந்த ஒரு தடவலில் முடிந்தது. இதற்கா ஒன்றரை வருஷம்!

மார்புச் சளி கொஞ்சம் தணிந்ததும் அம்மாவை அதே பண்ணை வீட்டுக்குக் கூட்டிப் போனேன். மரங்கள் நின்ற பாதையில் நடக்க நடக்க எனக்குத்தான் பயம். அம்மா இந்த வீட்டைப் பார்த்து என்ன ஆவாரோ, அவர் கால் எந்தப் பக்கம் திரும்புமோ! புல்வெளியின் ஓரம் வந்ததும் நின்றேன்.

அம்மா நிற்கவில்லை. நேராக நடந்து, முன்படியில் ஏறி, வராந்தாவில் யாரும் உட்காரக்கூடாது என்று கயிறு கட்டியிருந்த நாற்காலியில், கயிற்றைத் தூக்கிவிட்டு உட்கார்ந்துவிட்டார்! உள்ளேயிருந்து வந்த அந்தப் பெண் பார்த்தும் பாராததுபோல் திரும்பிக்கொண்டாள்.

"ஏன்டி அங்கேயே நிக்கிற? கால் வலிக்கல? வா, ஒக்காரு."

எனக்கு உட்காரத் தோன்றவில்லை. அப்பாவைப் பின்வாசலில் இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்தவர் துரை. அம்மாவை ஒன்றரை வருஷம் நிறுத்தி வைத்தது நான் என்பது அந்தப் புல்வெளியில் நின்றபோதுதான் முழுதாக உறைத்தது. இன்று எனக்கும் வயதாகிவிட்டது. யாராவது "நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டால் தோட்டத்தின் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன், அப்போதெல்லாம் அம்மா அந்த நாற்காலியிலிருந்து வா என்று கூப்பிடுவது கேட்கிறது.