மனசுக்குள்ளே கைதட்டுங்க

1978 ஏப்ரல் 9, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். வெயில் மண்டையைப் பிளந்தது. கிழக்கே மட்டும் ஒரு கறுத்த மேகம். பல்லேபொலப் பக்கத்துச் சிங்களக் கிராமமொன்றில் புதுவருஷ வொலிபோல் ஆட்டம். எங்கள் தோட்டத்திலிருந்து இருபத்துமூன்று பேர் போயிருந்தோம். எனக்கு ஒன்பது வயது.

அதற்கு முந்தைய ஆகஸ்டில்தான் தமிழர்களைத் தாக்கிய கலவரம். நான்கு இரவுகள் நாங்கள் குடியிருந்த லய வீடுகளை விட்டு ஓடிக் கொக்கோ மரங்களுக்கிடையே படுத்திருந்தோம். எனக்கு அது சுற்றுலா போல இருந்தது. அதன் பிறகு நடக்கும் முதல் ஆட்டம் இது. கிராமத்து அணித்தலைவரே லயத்துக்கு வந்து அழைத்திருந்தார்.

மைதானத்துக்குச் சற்று முன்னால், கணக்கப்பிள்ளையான என் அப்பா எல்லோரையும் நிறுத்தினார்.

"அவங்க நல்லா அடிச்சா பலமா கைதட்டுங்க. நம்ம ஆளு அடிச்சா மனசுக்குள்ளே கைதட்டுங்க. விசில், தகரம், ஊளை ஒண்ணும் கூடாது. அதுதான் மரியாதை."

"அப்ப எங்க வீட்டுக்காரரு ஜெயிச்சா ஒப்பாரி வைக்கணுமா, அண்ணே?" என்றாள் அத்தை. அவள் கணவர், என் தாய்மாமா, எங்கள் அணியின் நம்பிக்கை.

"வாய மூடிக்கிட்டு இருந்தாப் போதும், தங்கச்சி."

முதல் சுற்று அவர்களுக்கு, இரண்டாவது எங்களுக்கு. பந்தில் காற்றுக் குறைவு என்ற சந்தேகம் எனக்கு இன்றும் தீரவில்லை. அவர்கள் புள்ளி எடுத்தபோதெல்லாம் நாங்கள் உள்ளங்கை சிவக்கத் தட்டினோம். மாமா எம்பி அடித்தபோது நான் சட்டைக் கழுத்தைக் கடித்தேன். கிராமத்துப் பையன்கள் அவரை "நெட்டைக் கொக்கு" என்று சிங்களத்தில் சீண்டினார்கள்; அவர் சிரித்துக்கொண்டே அடுத்ததை இன்னும் ஓங்கி அடித்தார்.

மூன்றாவது சுற்று. பதின்மூன்றுக்குப் பதின்மூன்று. அத்தை என் தோளைப் பிடித்த பிடியில் நகம் இறங்கியது. பதினான்கு! மறுபடி எங்கள் சேர்வ். பந்து வலைக்கு மேல் ஏழு தடவை போய் வந்தது. எட்டாவது தடவை மாமா வானத்துக்கே ஏறினார். பந்து கடைசிக் கோட்டில் விழுந்து சுண்ணாம்புத் தூள் புகைந்தது. நடுவர் எங்கள் பக்கம் கை நீட்டினார்.

"ஜெயிச்சிட்டோம்! மாமா ஜெயிச்சிட்டாரு!"

மைதானம் முழுவதிலும் என் குரல் ஒன்றுதான். மறு வினாடி அப்பாவின் கை என் வாயை அடைத்தது. எங்கள் ஆட்கள் தலை குனிந்து நின்றார்கள். முதலில் கைதட்டியவர்கள் தோற்ற கிராமத்தார்தான்.

கிராமத்து அணித்தலைவர் வியர்வை ஒழுக வந்தார். "என்ன கணக்கப்பிள்ளை மாத்தயா, செத்த வீடா இது? ஜெயிச்சிருக்கீங்க, சத்தம் போடுங்க!" என்று சிங்களத்தில் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். விறுவிறென்று தேநீர்க் கடைக்குப் போய், மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் பிளேன்டீயும், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இனிப்பு ரொட்டியான பணிஸும் கொடுக்கச் சொன்னார். தலைவர் காசை நீட்டினார். அப்பா அவசரமாகக் கையெடுத்துக் கும்பிட்டார். "வேணாம் ஐயா, பையன் தெரியாம கத்திட்டான்."

தலைவரின் சிரிப்பு நின்றது. "நாங்க என்ன செஞ்சிடுவோம்னு நினைச்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். அப்பா நிமிரவில்லை. தலைவர் நிலத்தைப் பார்த்தபடியே தன் தேநீரைக் குடித்து முடித்தார்.

நான் பணிஸைத் தின்றுகொண்டு பெருமையில் மிதந்தேன். ஜெயித்தவர் தோற்றவருக்கு விருந்து வைப்பதுதான் விளையாட்டு மரியாதை என்று நெடுங்காலம் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் அப்படி வாதாடி அடியும் வாங்கினேன். இவ்வளவு நல்ல விருந்தில் அந்த இரண்டு பெரியவர்களுக்கும் ஏன் முகம் வாடியது என்பதுதான் விளங்கவில்லை.

அறுபத்தொரு பிளேன்டீ, நாற்பது பணிஸ். அப்பாவுக்கு ஆன செலவு முப்பத்தொரு ரூபாய் இருபத்தைந்து சதம்.