எலிகளுக்கு வயசாகட்டும்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் மதுரையில் ஆராய்ச்சி மாணவி. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி உண்டு. நோயை எதிர்க்கும் அணுக்களில் ஒரு வகை வளர்ந்து பழகுகிற இடம் அது. வயது ஏற ஏறச் சுருங்கிவிடும். எப்படிச் சுருங்குகிறது என்று வெள்ளை எலிகளில் பார்ப்பதுதான் என் வேலை. இளசுகளைப் பார்த்து முடித்துவிட்டேன். மிச்ச எலிகள் கிழடாக இன்னும் ஒரு வருஷமாவது ஆகும்.

"எலிக்கு வயசாகுறது இருக்கட்டும், ஒனக்கு வயசாகுதேடி" என்பாள் அம்மா.

கீழக்குயில்குடியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு பேங்க் வேலை, அவர் அப்பா விவசாயி. காப்பியை வாங்கிக்கொண்டு மாப்பிள்ளையின் அப்பாதான் கேட்டார்:

"படிப்பு எப்ப பாப்பா முடியும்?"

"எலிகளுக்கு வயசானதும் முடிஞ்சிரும்."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளைக்கு மிக்சர் புரையேறியது. அவர் அப்பா மட்டும் சிரிக்காமல் யோசித்தார்.

மறுவாரம் ஆய்வுக்கூட வாசலில் வந்து நின்றார். கையில் சாக்குப்பை. உள்ளே எலிப்பொறி. அதற்குள் பூனைக்குட்டி அளவுக்கு ஒரு பெருச்சாளி.

"நெல்லு மூட்டைக்கிட்ட புடிச்சேன். மீசையப் பாரு, நரைச்சுக் கெடக்கு. இனி நீ காத்திருக்க வேணாம்ல?"

சிம்மக்கல்லில் பஸ் ஏறும்போது பை துள்ளியதாம். என்னய்யா இது என்று கண்டக்டர் கேட்டாராம். "மருமகளுக்குச் சீர்" என்றாராம். சம்பந்தம் முடிவானது எனக்குத் தெரிந்ததே அப்போதுதான்.

ஒரே வகை எலியாக, பிறந்த தேதி தெரிந்ததாக வேண்டும் என்று மெதுவாகச் சொன்னேன்.

"எலிக்குமா ஜாதகம் பாக்குறீக?" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கல்யாணமாகி வெகுநாள் கழித்துத்தான் என் எலிகள் கிழடாயின. இளசுகளில் மல்லிகை மொட்டு மாதிரி வெளுப்பாக இருந்த தைமஸ், இவற்றில் கொழுப்போடு கொழுப்பாக ஒட்டிக் கிடந்தது. தேடித்தான் எடுத்தேன். அன்று சாப்பிடும்போது மாமனாரிடம் சொன்னேன். ஒரு மாசமாகச் சளியும் இருமலுமாக இருந்தவர் நெஞ்சைத் தடவிப் பார்த்தார்.

"எனக்கும் அப்பிடித்தான் சுருங்கியிருக்குமா?"

"ஆமா மாமா. வயசானா சளி லேசுல விடாது."

"அத ஒங்க அத்தகிட்டச் சொல்லு. பீடிதான் காரணம்னு உசுர வாங்குறா."

சொன்னேன். அத்தை முழுசாகக் கேட்டுக்கொண்டார்.

"இம்புட்டுப் படிச்ச புள்ள சொன்னாச் சரியாத்தான் இருக்கும். உள்ள காவலுக்கு ஆளு கொறைஞ்சு போச்சு, அதான?"

"அதேதான் அத்தை."

"அப்பக் கள்ளன உள்ள விடலாமா?" என்று மாமனாரின் சட்டையிலிருந்த பீடிக்கட்டை எடுத்து அடுப்பில் போட்டார் அத்தை.

அதற்கப்புறம் மாமனார் என்னிடம் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டதே இல்லை.