நம்ம நூறுக்கு இலங்கையில எவ்ளோ?

வெளிநாட்டுப் பணம் மாத்துற கடையில வேலை பாக்குறவங்களுக்கு ஒரு தலையெழுத்து: போர்டுல ரேட்டை எழுதுறது நாம, அதனால ஏத்தி எறக்குறதும் நாமதான்னு ஊரே நம்பும். கவுன்டருக்குப் பின்னாடி உக்காந்து திட்டு வாங்கிப் பொழைக்கிற என் இனமே, உங்களுக்கு இதெல்லாம் புதுசில்ல. ஆளுக்கொரு ஆளு வாய்ச்சிருப்பாங்க. கரையான்சாவடி மெயின் ரோட்டுக் கடையில எனக்கு வாய்ச்சவரு பேரு ஏகாம்பரம்.

கொசுறு

ஐயாவுக்கு வீடு கள்ளிக்குப்பம். அம்பத்தூர் எஸ்டேட்டுல லேத் ஓட்டி ரிட்டயர் ஆனவரு. ஒரே பொண்ணு தேவியைக் கொழும்புல கட்டிக் குடுத்திருந்தாரு. அங்க பேரன் பொறந்த வாரம்தான் மொதல் தடவையா கடைக்கு வந்தாரு. போய்ப் பாக்கணும், பேரனுக்கு வெள்ளி அரைஞாண் போடணும், மாப்பிள்ளை கிட்ட கை நீட்டாம அங்க சொந்தக் காசுல செலவு பண்ணணும். அவ்ளோதான் அவரு ஆசை.

எங்க போர்டுல டாலர், ரியால் எல்லாம் மேல இருக்கும். கீழ இலங்கைக்கும் நேபாளத்துக்கும் மட்டும் 'நம்ம நூறுக்கு இவ்ளோ'ன்னு எழுதி வெப்போம். அன்னிக்கு இலங்கை இருநூத்தி அறுவது. ஐயா கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சு மாட்டிக்கிட்டு மறுபடி பாத்தாரு. இருநூத்தி எழுவதா போட்டுக் குடுன்னாரு. ரேட்டு நான் போடுறதில்லைங்கய்யா, மேலேர்ந்து வருதுன்னேன். ஒத்துக்கவே இல்ல.

"கீரைக்காரம்மாகூட கேட்டா ஒரு கட்டு சேத்துப் போடுது, நீ ஏசி ரூம்ல குந்திகினு பத்து ரூபா சேத்துப் போட மாட்டியா?"

கிழிச்ச தேதிங்க

அன்னிக்கு வாங்காம போனவரு, அப்புறம் தெனம் காலையில வர ஆரம்பிச்சுட்டாரு. வீட்டுல கிழிச்ச நாள்காட்டித் தாளைச் சட்டைப் பையிலேர்ந்து எடுத்து, அதோட முதுகுல அன்னைய ரேட்டை எழுதிப்பாரு. ரப்பர் பேண்டு போட்ட அந்தக் கட்டு பெருசாகிக்கிட்டே போச்சு. "எங்கப்பா காலத்துல இலங்கைக் காசுதான் நம்மளுதைவிட ஒசத்தி. அதுவே எறங்கி எறங்கி இங்க வந்து நிக்குது. இன்னும் எறங்கும், அப்ப வாங்கிக்கிறேன்"னு சொல்லிட்டுப் போவாரு.

ஒரு நாள் எங்க கம்ப்யூட்டர் படுத்துடுச்சு. போன மாசம் பத்தாம் தேதி இலங்கை ரேட்டு என்னன்னு மொதலாளி கத்துறாரு, நான் முழிக்கிறேன். ஐயா நிதானமா கட்டைப் பிரிச்சு, ஒரு தாளை உருவி நீட்டினாரு. மொதலாளி அசந்துட்டாரு.

"உங்க மிஷினுக்கு கரன்ட்டு வோணும், எனக்கு ஒரு டீ சொன்னா போதும்."

நானூறு

அந்த நாட்டுல நெருக்கடி வந்துச்சே, அந்த வருஷம் அவங்க காசு விழ விழ எங்க போர்டுல நம்பர் எகிறிடுச்சு. நானூறைத் தாண்டின அன்னிக்கு ஐயா கடைக்கே டீயும் வடையும் வாங்கிக் குடுத்தாரு. இப்பவாவது வாங்குங்கய்யான்னேன். "இரு, ஐந்நூறு வரட்டும்"னு கெளம்பிட்டாரு.

மறுநாள் வந்தாரு, மூஞ்சில ஈயாடல. ராத்திரி பொண்ணு போன் பண்ணியிருக்கா. புள்ளைக்குப் பால் பவுடர் வாங்க வரிசையில நின்னேன், என் முறை வர்றதுக்குள்ள தீந்துபோச்சு, பெட்ரோலுக்கும் வரிசை, நெலமை சரியாகட்டும், இப்ப வராதீங்கப்பான்னு அழுதிருக்கா. நான் எழுதுற நம்பருக்கு அந்தப் பக்கம் இப்படி ஒரு வரிசை நிக்குதுன்னு அன்னி வரைக்கும் எனக்கு உறைக்கவே இல்ல. ஐயா போர்டை மொறைச்சுப் பாத்தாரு.

"ஏறட்டும்னு வேண்டிகினா பொண்ணுக்குக் கஷ்டம், எறங்கட்டும்னு வேண்டிகினா எனக்கு நஷ்டம், உங்க போர்டு பண்ற வேலைக்கு என்னால சாமியே கும்புட முடியலம்மா!"

மாறாத ரேட்டு

அங்க நெலமை மெல்ல சரியாச்சு. வாங்கப்பா, வாங்கப்பான்னு தேவியும் கூப்பிட ஆரம்பிச்சா. ஆனா நம்பர் எறங்கி முன்னூத்தைம்பதுகிட்ட நின்னுடுச்சு. நானூறைக் கண்ணால பாத்தவராச்சே, ஐயாவுக்கு மனசு வரல. திரும்ப வரட்டும், திரும்ப வரட்டும்னே இருந்தாரு. இதுக்குள்ள பேரன் தவழ்ந்து, நடந்து, ஸ்கூலுக்கே போயிட்டான். ஐயா பாத்ததெல்லாம் போன்லதான். நல்லா நாலு கேள்வி கேக்கணும்னு வாய் வரைக்கும் வரும், பெரிய மனுஷனாச்சேன்னு முழுங்கிடுவேன்.

ஒரு நாள் பக்கத்து ஃபேக்டரி வாட்ச்மேன் தில் பகதூர் வந்தாரு. ஊருக்குப் போறதுக்கு நேபாள நோட்டு வேணும். நூறுக்கு நூத்தி அறுவது. முப்பது வருஷத்துக்கு மேல அதே நூத்தி அறுவதுதான், அவங்க அரசாங்கம் அப்படிக் கட்டி வெச்சிருக்கு. போர்டுல அந்த ஒரு வரியை மட்டும் நான் அழிச்சதே இல்ல. ஐயா அவரைப் பாவமா பாத்து, "இன்னா நைனா, உங்க ரேட்டு ஏறவும் ஏறாது, எறங்கவும் எறங்காது, வெறுப்பா இல்ல?"ன்னாரு. பகதூர் நோட்டை மடிச்சுப் பையில வெச்சுக்கிட்டு சிரிச்சாரு.

"நம்ம ரேட் மாறாது சார், அதனால லீவு கெடச்சா நான் ஊருக்குப் போறேன், உங்களுக்கு டெய்லி லீவு, நீங்க டெய்லி இங்க வர்றீங்க."

போனுக்குள்ள இருந்தவரு

ரெண்டு நாள் ஐயாவைக் காணோம். மூணாம் நாள் வந்து பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் கவுன்டர்ல டொப்புன்னு போட்டாரு. அது இல்லாம நான் நோட்டு குடுக்க முடியாது. இத்தன வருஷத்துல அதை அன்னிக்குத்தான் கண்ணால பாத்தேன். என் வாய் சும்மா இருக்குமா? "நேத்தைவிட ரெண்டு ரூபா கம்மிங்கய்யா"ன்னுட்டேன். அவரு போர்டு பக்கம் திரும்பவே இல்ல. "உன்னை ரேட்டு கேட்டனா?"ன்னு ஒரு அதட்டல், அவ்ளோதான்.

பத்து நாள் கழிச்சு வந்தாரு. கையில மீந்துபோன நோட்டு ரெண்டு. மாத்தித் தரட்டுங்களான்னா, "இர்க்கட்டும், அடுத்த தபாவுக்கு ஆவும்"னு பையில சொருகிக்கிட்டாரு. பேரன் ஒட்டிக்கிட்டானான்னு கேட்டேன். சிரிக்க ஆரம்பிச்சவரு பாதியில கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு.

"ஏர்போர்ட்டுல என்னைத் தொட்டுத் தொட்டுப் பாக்குறான்மா; 'தாத்தா, நீங்க எப்படி போனுக்குள்ள இருந்து வெளிய வந்தீங்க?'ன்னு கேக்குறான்."

இவ்ளோ வக்கணையா பேசுற நான், டாலர் எறங்கட்டும், அப்புறம் புதுசு வாங்கிக்கலாம்னு மூணு வருஷமா பழைய லேப்டாப்பையே ஓட்டிக்கிட்டு இருக்கேங்கிறதை மட்டும் தயவுசெஞ்சு ஏகாம்பரம் ஐயா காதுல போட்டுடாதீங்க.