வெள்ளையனின் வீடியோக்கள்

குழந்தைகளே, பெரியவர்களும் தப்பு செய்வார்கள். நான் செய்ததைக் கேளுங்கள்.

கால் ஒடிந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் படுத்திருந்த என் அக்காவால் எங்கள் தங்கச்சி கல்யாணத்துக்கு வர முடியவில்லை. வீடியோவையாவது டிவியில் போட்டுக் காட்டலாம் என்று என் மகள் மேரியின் பென் டிரைவை எடுத்தேன். பாதிக்கு மேல் காலியாக இருந்தும் வீடியோ ஏறவில்லை. ராஜபாளையம் மில்லில் என்னோடு வேலை பார்க்கும் சேகருக்குப் போன் போட்டேன்.

“ஏலே, அது பழைய ஃபார்மேட். நாலு ஜிபிக்கு மேல ஒத்த ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட்ங்கிற புது ஃபார்மேட்டுக்கு மாத்து. ஆனா உள்ள இருக்கது அம்புட்டும் அழிஞ்சிரும். மொதல்ல கம்ப்யூட்டர்ல காப்பி போட்டுக்கோ.”

உள்ளே எங்கள் நாய் வெள்ளையனின் வீடியோக்கள்தான் இருந்தன. நாய் வீடியோதானே, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஃபார்மேட் செய்துவிட்டேன். கல்யாண வீடியோ ஏறியது.

மேரியையும் கூட்டிக்கொண்டு போய் அக்கா வீட்டு டிவியில் போட்டேன். அக்கா அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். முடிந்ததும் மேரி ரிமோட்டை வாங்கிக்கொண்டாள்.

“அத்தே, இப்ப வெள்ளையனப் பாப்பமா?”

வெள்ளையன் செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவள் பட்டனை அமுக்கி அமுக்கித் தேடினாள்.

“அப்பா, காணோமே?”

“அழிச்சிட்டேன்மா.”

“எல்லாத்தையுமாப்பா? வேற எங்கயும் இல்லையே.”

அவள் அழவில்லை. ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

காப்பி போடக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸுக்கா பஞ்சம்?