டிசம்பர் முப்பதும் பாலசுப்ரமணியனின் காரணங்களும்

காரணம் கண்டுபிடிப்பது பாலசுப்ரமணியனுக்குத் தொழில். எண்ணெய்க் குழாய் ஏன் துருப்பிடித்தது என்று எழுதித் தருவதற்காகத்தான் கம்பெனி அவரை இத்தனை வருஷமாக ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் வைத்திருக்கிறது. சொந்த விஷயங்களில் மட்டும் அவர் சொல்லும் காரணமும் உள்ளே இருக்கும் காரணமும் ஒன்றாக இருந்ததில்லை. பேர்லேண்ட் மீனாட்சி கோவில் காலண்டரில் ராகு காலம் பார்த்துத்தான் காருக்கு டயர் மாற்றுவார். ஆபீஸ் மீட்டிங்குக்குப் பார்க்க மாட்டார். அது கம்பெனியின் ராகு காலமாம்.

மகள் மாளவிகா, ரேமண்டைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். ஹூஸ்டனில் பிறந்த பிலிப்பைன்ஸ் குடும்பத்துப் பையன். "சந்தோஷம்" என்றார் பாலு. அந்த ஒற்றைச் சொல் மாளவிகாவுக்குப் போதவில்லை. பையனின் அம்மா லூர்தெஸ், நிச்சயதார்த்தத்தை டிசம்பர் முப்பதுக்குக் குறித்தாள். எல்லோருக்கும் லீவு, தவிர, அது அவர்களுடைய தேசிய வீரர் ஹோசே ரிசாலின் நாள்.

நமக்கோ அது மார்கழி. வீட்டில் நல்ல காரியம் கிடையாது. இதைச் சொல்லியிருந்தால் விஷயம் அன்றே முடிந்திருக்கும். ஆனால் மார்கழியை இங்கிலீஷில் சொன்னால் மூடநம்பிக்கை போல ஒலிக்குமே என்று ஓர் இன்ஜினீயரின் பயம். தேடிப் பார்த்து, ரிசாலை ஸ்பெயின்காரர்கள் சுட்டுக் கொன்ற நாள் அது என்று கண்டுபிடித்தார்.

"செத்த நாள்ல மோதிரம் மாத்தறதா? அவங்க ஹீரோவுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

"அவங்க ஹீரோவுக்கு நீங்க எதுக்கு திவசம் பண்றீங்க? மார்கழின்னு சொல்லிட்டுப் போங்களேன்" என்றாள் மனைவி ஸ்வர்ணா.

மாளவிகா நேராகக் கேட்டாள். "டேட் ப்ராப்ளமா, ரே ப்ராப்ளமா? ரேதான்னா சொல்லிடுங்க அப்பா. நாங்க கோர்ட்ல ரெஜிஸ்டர் பண்ணிக்கறோம். யூ டோன்ட் ஹாவ் டு கம்."

"டேட்தான் மா."

"இந்த வீட்டுக்கு இதே மார்கழிலதானே குடி வந்தோம்?"

தன்னைத் தடுப்பது மாதமா, மாப்பிள்ளையா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வாதத்துக்கு வலு வேண்டுமே என்று ரிசாலைப் படிக்க உட்கார்ந்தார். அங்கேதான் மாட்டிக்கொண்டார். மனிதர் கண் டாக்டர். ஸ்பெயின் ஆட்சியைக் கிழித்து நாவல் எழுதியவர். ஆயுதம் எடுத்தவர்களைக் கண்டித்தும் எழுதினார். அந்த ஆயுதங்களைத் தூண்டிவிட்டதாகச் சொல்லி அவரையே சுட்டார்கள். கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்து எழுதியதைக் கடைசி இரவில் வாபஸ் வாங்கினார் என்று ஒரு கட்சி, இல்லவே இல்லை என்று இன்னொரு கட்சி. துருப்பிடித்த குழாய்கூட ஒரு காரணத்தோடு நிறுத்திக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் லூர்தெஸின் வீட்டுக்குப் போனார்கள். பாலு மரண நாளின் புனிதம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பிரசங்கமே செய்தார். லூர்தெஸ் நர்ஸ், கடைசி வரை பொறுமையாகக் கேட்டாள்.

"காலேஜ்ல எங்களுக்கு அவர் கட்டாயப் பாடம், மிஸ்டர் பாலா. அன்னிக்கு விடியற்காலைல அவர் காதலியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார், அப்புறம்தான் சுட்டாங்கன்னு ஒரு பேச்சு. கல்யாணமே நடக்கலைன்னும் சொல்றாங்க. ஆனா கெட்ட நாள்னு யாரும் சொன்னதில்ல."

மாளவிகா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாலு அவளைப் பார்த்தார்.

"சரி, முப்பதாம் தேதியே வெச்சுக்கலாம்" என்றார். சொல்வதற்குக் காரணங்கள் தீர்ந்துபோனதால் உண்மையும் வெளியே வந்தது. "விஷயம் என்னன்னா, எங்களுக்கு இது மார்கழி. இந்த மாசத்துல நல்ல காரியம் பண்ண மாட்டோம். பரவாயில்ல, நான் ஒத்துக்கறேன்."

லூர்தெஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் ஒத்துக்க மாட்டேன்! தெரிஞ்சப்புறம் எப்படிப் பண்றது? எங்க வீட்ல ஒரே வருஷத்துல ரெண்டு பிள்ளைங்களுக்குக் கல்யாணம் ஆகாது. பெரியவனுக்கு இந்த வருஷம் ஆச்சு. அதனாலதான் ஹால் கிடைக்கலைன்னு இவன்கிட்ட பொய் சொல்லி இவன் கல்யாணத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளினேன்."

"மாம்?" என்றான் ரேமண்ட்.

நிச்சயதார்த்தம் தை மாதத்துக்குப் போயிற்று. திரும்பும்போது மாளவிகாதான் ஓட்டினாள். ஃப்ரீவேயில் ஏறிய பிறகு பேசினாள்.

"ஸோ, டேட்தான் ப்ராப்ளம்."

"நான்தான் முப்பதுக்கு ஒத்துக்கிட்டேனே?"

"ஐ நோ. ரே ப்ராப்ளம்னா ஒத்துக்கிட்டிருக்க மாட்டீங்க. அதனாலதான் நம்பறேன்."

"ரேயைப் பத்திக் கேட்டியே, அது வந்து..."

"அப்பா, ஸ்டாப். ஒரு காரணம் போதும்."

அவள் நம்பிவிட்டாள். தானும் நம்புகிறோமா என்று பாலு யோசித்துக்கொண்டிருந்தபோது லூர்தெஸிடமிருந்து மெசேஜ் வந்தது. மார்கழி முடிவது டெக்சஸ் நேரப்படியா, இந்திய நேரப்படியா?

அதற்கும் அவரிடம் இரண்டு பதில்கள் இருந்தன.