காப்பி கேட்ட ஒப்பாரி

இழவு வீட்டுக்குள் நான் நுழைவதற்கு முன்பே அங்கே நான் பாடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் மலையில், வளப்பூர் நாட்டில் சடையன் இறந்த அன்று நடந்தது இது. ஒப்பாரி பாடுவது என் தொழில். பாடினால்தான் அடுப்பு எரியும். போன மழைக்காலத்திலிருந்து யாரும் கூப்பிடவில்லை. மலையில் சாவே இல்லை போலிருக்கிறது, நல்லதுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். இந்த வீட்டுக்கும் கூப்பிடவில்லை. சொந்தம் என்பதால் பஸ் ஏறிப் போனேன். வாசலில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி. அதற்குள் என் குரல்.

சடையன் மகன் மாரியைப் பிடித்தேன்.

"என்னடா இது?"

"உங்க பாட்டுதானுங்க பெரியம்மா. தேவனூர் எழவுல போன்ல புடிச்சது. இப்ப எல்லா ஊட்டுலயும் இதுதான் ஓடுது. பஸ்ஸேறாம, தொண்ட நோவாம மலை பூராவும் பாடறீங்க. சந்தோசப்படோணும்."

"படறேன் சாமி. நான் செத்தாலும் இதையே போட்டுரு. நானே வந்து பாடுனாப்புல இருக்கும்."

உட்கார்ந்தேன். என் பாட்டை நானே முழுசாகக் கேட்டது அன்றுதான். ராசாவே என்கிறேன், மலையே சாஞ்சுதே என்கிறேன். யார் செத்தாலும் பொருந்தும். எந்த வீட்டுக்குப் போனாலும் அதையேதான் பாடி வைப்பேன். நடுவில் பாட்டு நின்றது. "கண்ணு, இந்தக் காப்பியில சக்கரையே இல்லியே" என்றது பெட்டி.

பெண்கள் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி எழுந்துபோய் சர்க்கரை போட்ட காப்பி கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

சடையன் மனைவி வெள்ளையம்மா மட்டும் சிரிக்கவில்லை. காலையிலிருந்து அழவும் இல்லையாம். என் பக்கம் நகர்ந்து வந்தாள்.

"ஏனுங்க அக்கா, இது யாரு செத்ததுக்கு அழுவுது? எங்கூட்டுக்காரர் பேரு ஒருக்காக்கூட வரலீங்களே."

பெட்டியை நிறுத்தச் சொன்னேன். "அந்த மனுசனப் பத்தி எதாச்சும் சொல்லு" என்றேன்.

"பலா மரத்துல ஏறுனா எறங்க மாட்டாருங்க. சோத்தக் கயித்துல கட்டி மேல அனுப்போணும்."

"சடையா, சோத்தக் கட்டி வெச்சிருக்கா, எறங்கி வாய்யா" என்று தொடங்கினேன். அவ்வளவுதான், வெள்ளையம்மா உடைந்து அழுதாள்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பெண்களுக்கு ஒன்று சொல்வேன். செத்தவரைப் பற்றிக் கேட்டுவிட்டு வாயைத் திறங்கள். வரிக்கு வரி அவர் பேரைப் போட்டுக் கட்டுங்கள். அப்புறம் எந்தப் போனும் அந்தப் பாட்டை அடுத்த வீட்டுக்குத் தூக்கிப்போக முடியாது.

கிடைத்ததற்கு நன்றியோடு இரு என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். இருக்கிறேன், அந்தப் பெட்டிக்கு. நான் எவ்வளவு சோம்பலாகப் பாடினேன் என்பதை முகத்துக்கு நேரே சொன்னது அது ஒன்றுதான். இப்போது மறுபடி கூப்பிடுகிறார்கள். காப்பிக்குச் சர்க்கரை போடவும் யாரும் மறப்பதில்லை.